ரகசியமே இல்லாத உளவாளி

நீலத்தோல் வில்லன் ஒருவன், பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண்ணை ஒழித்துக்கட்ட ஆயுதம் தேடுகிறான். லேசரும் ரோபோவும் முன்பே அவளிடம் தோற்றுவிட்டன. இந்த முறை அவன் எடுப்பது ஒரு பூவின் மகரந்தம். அது பட்டவள் கூச்சப்படும்போதெல்லாம் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக மறையும். அளவு கடந்து கூசிப்போனால் ஆளே இருக்கமாட்டாள். அன்றைக்கென்று பார்த்து அவளுக்கு உடன்படிக்கும் பையனோடு முதல் ‘டேட்’. போதாக்குறைக்கு அப்பா, அம்மா, நண்பன் என்று மானத்தை வாங்கக் காத்திருக்கும் கூட்டமும் கூடவே இருக்கிறது. வில்லன் தனியாக மெனக்கெட வேண்டியதே இல்லை.

குழந்தைகளுக்கான உளவாளிக் கார்ட்டூன்கள் எத்தனையோ வந்திருக்கின்றன. வெட்கத்தை வெடிகுண்டாக்கிய தொடர் என்றால் எனக்குத் தெரிந்து ‘கிம் பாசிபிள்’தான். இது ஏதோ ஒரு வாரம் தோன்றிய வேடிக்கை யோசனையும் இல்லை. தொடரின் தொடக்க அத்தியாயங்களில் ஒன்றிலேயே எதிரியின் நுண்வெடி ஒன்று கிம்மின் மூக்கில் ஒட்டிக்கொள்கிறது, அவள் அதைப் பரு என்று நினைத்து மறைக்கப் பார்க்கிறாள். ஹாலோவீன் அத்தியாயத்தில் கையில் மாட்டிக்கொண்ட ஒரு ராணுவக் காப்பு, அவள் பொய் சொல்லிப் பதறும்போதெல்லாம் கவசமாக வளர்ந்து உடம்பை மூடிக்கொண்டே வருகிறது. பரு, பொய், வெட்கம். பதின்வயதுக்காரியை இரவில் தூங்கவிடாத சங்கதிகள் எல்லாம் இந்தத் தொடரில் உலக அழிவோடு ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன.

ஏன் இப்படி? என் கணிப்பு இது: உளவாளிக் கதையிலிருந்து இந்தத் தொடர் ரகசியத்தை வெளியே எடுத்துவிட்டது. எடுத்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளத்தை வெட்கத்தைக் கொண்டு நிரப்பினார்கள்.

முதலில் அடிப்படை விவரங்கள். ‘கிம் பாசிபிள்’ 2002 ஜூன் 7 அன்று அமெரிக்காவின் டிஸ்னி சேனலில் தொடங்கி 2007 செப்டம்பர் 7 அன்று முடிந்தது. நான்கு பருவங்கள், 87 அத்தியாயங்கள். உருவாக்கியவர்கள் பாப் ஸ்கூலி, மார்க் மெக்கார்கிள் என்ற இரட்டை எழுத்தாளர்கள். அதற்குமுன் அலாவுதீன், ஹெர்குலிஸ், பஸ் லைட்இயர் என்று டிஸ்னி திரைப்படங்களிலிருந்து கிளைத்த தொலைக்காட்சித் தொடர்களில் பல ஆண்டுகள் உழைத்தவர்கள். அடுத்தவர் பெற்ற பிள்ளையை வளர்த்துக் களைத்த இவர்களுக்குச் சொந்தப் பிள்ளை பிறந்தது லிஃப்டில் என்பார்கள். மெக்கார்கிள் ஸ்கூலியைப் பார்த்து, “கிம் பாசிபிள். அவளால் எதுவும் முடியும்” என்றாராம். ஸ்கூலி உடனே, “அவளுடைய கூட்டாளி ரான் ஸ்டாப்பபிள். அவனால் எதுவும் முடியாது” என்றாராம். தொடரின் முக்கால்வாசி அந்த இரண்டு வரிக்குள் இருக்கிறது. ‘இம்பாசிபிள்’, ‘அன்ஸ்டாப்பபிள்’ என்ற சொற்களின் தலையைக் கிள்ளி வைத்த பெயர்கள் இவை.

கிம் மிடில்டன் என்ற கற்பனை ஊரில் இருக்கிறாள். பக்கத்து ஊர்களின் பெயர் அப்பர்டன், லோயர்டன். நம் வழக்கில் நடுவூர், மேலூர், கீழூர் என்று வைத்துக்கொள்ளலாம். அப்பா ராக்கெட் விஞ்ஞானி, அம்மா மூளை அறுவை மருத்துவர். ‘இதென்ன ராக்கெட் விஞ்ஞானமா, மூளை அறுவையா’ என்று அமெரிக்கர்கள் பேச்சுவாக்கில் கேட்பார்களே, அந்த இரண்டையும் ஒரு வீட்டில் குடிவைத்த குறும்பு. ஜிம், டிம் என்று இரட்டைத் தம்பிகள், வால் இல்லாத குறைதான்.

பள்ளியில் கிம் சியர்லீடர் குழுவின் தலைவி. நம்மில் பலருக்கு அந்தச் சொல் ஐ.பி.எல். மைதானத்தில் சிக்ஸர் பறக்கும்போது ஆடுபவர்களை நினைவூட்டும். அமெரிக்கப் பள்ளிகளில் சங்கதி வேறு. அது மாணவர்கள் குட்டிக்கரணம், மனிதக் கோபுரம் என்று பயிற்சியெடுத்துப் போட்டிக்குப் போகும் கடும் உடல்வித்தை. கிம் ஒரு கோபுரத்திலிருந்து இன்னொரு கோபுரத்துக்குத் தாவுவதற்குத் தொடர் தரும் நியாயம் அதுதான். மரபணு மாற்றம் கிடையாது, வேற்றுக்கிரக ரத்தம் கிடையாது. மாலை நேரப் பயிற்சி மட்டும்.

இனி ரகசியத்துக்கு வருவோம். குட்டி உளவாளிக் கதைகளுக்கு ஒரு பழைய கட்டுமானம் உண்டு. 1983இல் வந்த ‘இன்ஸ்பெக்டர் கேட்ஜட்’ தொடரில் துப்பறிவதெல்லாம் பென்னி என்ற சிறுமியும் அவளுடைய நாயும். பெயர் மட்டும் உடம்பெல்லாம் இயந்திரம் பொருத்திய அசட்டு மாமாவுக்குப் போகும், உண்மை அவருக்கே தெரியாது. 1991இல் ஜேம்ஸ் பாண்டுக்கு அண்ணன் மகன் முறையில் ஒருவனைக் கண்டுபிடித்து, விடுதிப் பள்ளியில் சேர்த்து, ‘ஜேம்ஸ் பாண்ட் ஜூனியர்’ என்று 65 அத்தியாயம் ஓட்டினார்கள். கிம் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2001 நவம்பரில், பிரான்ஸில் தயாரான ‘டோட்டலி ஸ்பைஸ்’ தொடங்கியது. பெவர்லி ஹில்ஸில் படிக்கும் மூன்று பெண்கள், ஜெர்ரி என்ற மேலதிகாரி, உலகளாவிய ஒரு மறைவு அமைப்பு. லாக்கருக்குள்ளும் தரைக்குள்ளும் திடீரென்று இழுத்துக்கொண்டு போய் அலுவலகத்தில் கொட்டுவார்கள்.

இந்த மறைவு கதாசிரியருக்குப் பல வேலைகளை மிச்சப்படுத்துகிறது. பெண் ஏன் வகுப்புக்கு வரவில்லை என்று ஒரு பொய் சொல்ல வேண்டும், அதிலிருந்து நகைச்சுவை கிடைக்கும். யார் அனுப்பினார்கள், செலவு யாருடையது, விமானம் எங்கிருந்து வந்தது என்றால் ‘அமைப்பு’ என்று கைகாட்டிவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலே, பார்க்கும் குழந்தைக்கு ஓர் ஆறுதல் இருக்கிறது. ‘என்னை யாரும் மதிப்பதில்லை, ஆனால் நான் உண்மையில் யார் என்று இவர்களுக்குத் தெரியாது’ என்ற எண்ணம் எட்டு வயதில் இனிக்கும். நாற்பது வயதிலும் சிலருக்கு இனிக்கிறது.

கிம்முக்கு இது எதுவும் கிடையாது. அவளிடம் இருப்பது ஓர் இணையதளம். என்னால் எதுவும் முடியும், தேவையானால் சொல்லுங்கள் என்று ஊருக்கே திறந்து வைத்த கடை. குழந்தை பார்த்துக்கொள்வது போன்ற சில்லறை வேலைகளுக்காகத்தான் அவள் அதைத் தொடங்கினாள். ஒரு பணக்காரர் லேசர் கதிர்களுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறார். ‘டீம் இம்பாசிபிள்’ என்ற தொழில்முறை மீட்புப் படையை அழைக்க நினைத்தவர், எழுத்துப் பிழையால் கிம்மின் தளத்துக்கு வந்துவிடுகிறார். சியர்லீடர் பயிற்சியை வைத்து அவள் கதிர்களுக்கு நடுவே புரண்டு, வளைந்து போய் ஆளை மீட்கிறாள். அதிலிருந்து அவள் பெயர் பரவுகிறது. ஊழின் விளையாட்டு, முன்பிறவி விதி என்று மற்ற நாயகர்களுக்குச் சொல்லப்படும் இடத்தில் இவளுக்குக் கிடைத்தது ஒரு தட்டச்சுத் தவறு.

இந்தக் கதை மூன்றாம் பருவத்தில்தான் வருகிறது. வரும் சந்தர்ப்பமும் முக்கியம். அந்த டீம் இம்பாசிபிள் ஆட்கள், காசு வாங்கிக்கொண்டு உலகத்தைக் காப்பாற்றுகிறவர்கள், கிம்மைத் தேடி வந்து வியாபாரத்தைக் கெடுக்காதே என்கிறார்கள். அவள் இலவசமாகச் செய்வதால் இவர்களுக்குப் பிழைப்பு போகிறதாம். குழந்தைகள் கார்ட்டூனில் ஒரு கூலித் தகராறு!

எனக்கு இந்தத் தொடரில் மிகவும் பிடித்தது இந்தக் கணக்கு வழக்குதான், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன். கிம்முக்குச் சம்பளம் இல்லை, அமைப்பு இல்லை, சொந்த விமானம் இல்லை. பிறகு ஆர்க்டிக்குக்கும் அமேசானுக்கும் எப்படிப் போகிறாள்? ஓசிப் பயணம். ஏறக்குறைய ஒவ்வொரு அத்தியாயத்திலும் யாராவது ஒரு விமானி, மீனவர், லாரிக்காரர் அவளை ஏற்றிக்கொண்டு போவார். அழைத்து வந்ததற்கு அவள் நன்றி சொல்வாள். அவர், “அன்றைக்கு எங்கள் ஊரையே வெள்ளத்திலிருந்து காப்பாற்றினாயே, இது ஒரு பெரிய விஷயமா” என்கிற மாதிரி ஏதாவது சொல்வார். அவள் அது ஒன்றுமில்லை என்று அடக்கமாகச் சிரிப்பாள். பத்து வினாடியில் முடிந்துவிடும் நகைச்சுவை. ஆனால் உளவாளிக் கதையின் பொருளாதாரமே அதில் தலைகீழாகிவிட்டது. அரசாங்கப் பணத்தில் பறந்த பாண்டின் இடத்தில் செய்ந்நன்றிக் கடனில் பறக்கும் பெண். மொய் எழுதும் ஊர்க்காரர்களான நமக்கு இந்த ஏற்பாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இலவச சேவை என்றால் கைச்செலவுக்கு? அதற்கும் ஓர் அத்தியாயம் உண்டு. கிளப் பனானா என்ற துணிக்கடையில் ஒரு ஜாக்கெட்டைப் பார்த்து ஆசைப்படுகிறாள். விலை எட்டவில்லை. உலகத்தை வாராவாரம் காப்பாற்றுகிறவள், ‘பூவெனோ நாச்சோ’ என்ற துரித உணவுக் கடையில் பகுதிநேர வேலைக்குச் சேர்கிறாள். கூடவே சேர்ந்த ரான் அங்கே பதவி உயர்வு வாங்கி அவளுக்கே மேலாளராகி அதிகாரம் செய்யத் தொடங்குகிறான். எல்லாம் முடியும் என்ற பெண்ணால் முடியாத வேலை ஒன்று இருக்கிறது என்று அவளுக்கு முதல்முறை தெரிவது அந்த அடுப்படியில்தான்.

இதே ரான் வேறொரு அத்தியாயத்தில் கோடீஸ்வரனும் ஆகிறான். நாச்சோவையும் டாக்கோவையும் ஒன்றாகச் சுருட்டி அவன் விளையாட்டாகக் கண்டுபிடித்த தின்பண்டத்துக்கு உரிமத் தொகையாக 9 கோடியே 90 லட்சம் டாலர் காசோலை வருகிறது. அந்தப் பணம் அவனிடம் எத்தனை நாள் இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

தொழில்நுட்பப் பக்கம் வேட் என்ற பத்து வயது மேதை. கல்லூரியை முடித்துவிட்டான், ஆனால் தன் அறையைவிட்டு வெளியே வருவதில்லை. கிம்மின் கையிலிருக்கும் ‘கிம்யூனிகேட்டர்’ திரையில் அவன் முகம் தெரியும். அழைப்பு வந்தால் நான்கு சுருதியில் ஒரு பீப் ஒலி. கிறிஸ்டினா மிலியன் பாடிய முகப்புப் பாடலும் கூப்பிடு, பீப் அடி என்றுதான் அழைக்கிறது. 2002 என்பது பேஜர் போய்க்கொண்டிருந்து, கைப்பேசி வந்துகொண்டிருந்த இடைக்காலம். எந்நேரமும் எவரும் கூப்பிடலாம், முகம் பார்த்துப் பேசலாம், வேண்டியதைத் தேடித் தரலாம் என்ற கருவி அன்றைக்குக் கற்பனை. இன்றைக்கு அதே கருவி நம் பையில் இருக்கிறது, அழைப்பு வந்தால் எடுக்கத்தான் பயமாக இருக்கிறது. 2009இல் ஃபுளோரிடாவிலுள்ள டிஸ்னியின் எப்காட் பூங்காவில் மாற்றியமைத்த கைப்பேசிகளைப் பார்வையாளர் கையில் கொடுத்து ஏழு நாட்டு அரங்குகளில் துப்பறியவிட்டார்கள். அந்த விளையாட்டின் பெயரும் கிம் பாசிபிள்தான்.

தொடரில் உண்மையான உளவு அமைப்பு இல்லாமல் இல்லை. ‘குளோபல் ஜஸ்டிஸ்’ என்று ஒன்று இருக்கிறது, ஒற்றைக் கண்ணில் பட்டை கட்டிய பெண் அதிகாரியின் தலைமையில். அங்கே வில் டூ என்ற இளம் ஒற்றன், அமைப்பின் முதல்தர ஆள். முறையான பயிற்சி, சீருடை, கருவிகள், ஜம்பம் எல்லாம் உண்டு. கிம்மை அவனோடு சேர்த்து ஒரு வேலைக்கு அனுப்புகிறார்கள். அவளை ‘அமெச்சூர்’ என்று இளக்காரமாகப் பார்க்கும் அவன்தான் போகுமிடமெல்லாம் காலை வாருகிறான். எதிரி யார் தெரியுமா? உலகத்தின் எல்லா கால்ஃப் மைதானங்களிலும் நுழையத் தடைபெற்று, வெடிக்கும் கால்ஃப் பந்துகளோடு அலையும் டஃப் கில்லிகன் என்ற ஸ்காட்லாந்துக்காரன். அதே நாட்களில் பள்ளியில் போனி என்ற சகமாணவி கிம்மின் தலைவி பதவிக்குக் குறிவைக்கிறாள். வில் டூவைவிட, கில்லிகனைவிட, கிம்மை அதிகம் அலைக்கழிப்பவள் போனி. மற்ற தொடர்களில் நாயகனாக இருந்திருக்க வேண்டிய அசல் இளம் உளவாளி இங்கே துணைக் கோமாளியாகிவிட்டதைக் கவனியுங்கள்.

பெண் நாயகி, அவளுக்கு ஆண் துணை, அரசாங்கத்துக்கு வெளியே நின்று செய்யும் சாகசம் என்றதும் தமிழ்க் காமிக்ஸ் வாசகர்களுக்கு மாடஸ்டி பிளைஸியும் கார்வினும் ஞாபகம் வரலாம். 1984இல் லயன் காமிக்ஸ் தன் முதல் இதழையே மாடஸ்டிக்குத்தான் கொடுத்தது. ஆனால் கார்வின் கத்தி வீச்சில் நிபுணன். ரான் எதிலும் நிபுணன் இல்லை.

ரானைப் பற்றி எழுதாமல் இந்தத் தொடரைப் பற்றி எழுத முடியாது. ஓட்டத்தில் அவன் கால்சட்டை அடிக்கடி கழன்றுவிடும். குரங்கென்றால் அவனுக்குக் குலைநடுக்கம், சின்ன வயதில் ஒரு கோடை முகாமில் வந்த பயம். அந்தக் கால்சட்டைப் பையில் ரூஃபஸ் என்ற வளர்ப்புப் பிராணி. அப்பாவுக்கு ரோமம் ஒவ்வாது என்பதால் ரோமமே இல்லாத ஒன்றைத் தேடிப் பிடித்திருக்கிறான். கிழக்கு ஆப்பிரிக்காவில் மண்ணுக்கடியில் கூட்டமாக வாழும், உடம்பில் மயிரில்லாத, பல் துருத்திய எலி அது. அசல் உலகத்திலும் முப்பது வயதைத் தாண்டி வாழும் அதிசய ஜீவன். ‘த சிம்ப்ஸன்ஸ்’ கார்ட்டூனின் பார்ட் சிம்ப்ஸனுக்குக் குரல் கொடுத்த நான்சி கார்ட்ரைட்தான் ரூஃபஸின் கீச்சுக்குரலும். முதலில் சொன்ன நீலத்தோல் வில்லன் டிராக்கன் எத்தனை முறை மோதினாலும் ரானின் பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதே இல்லை.

இத்தனை அவமானங்களும் ரான்மேல் ஒட்டுவதில்லை. கால்சட்டை விழுந்தால் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடுவான். கிம்முக்கு எல்லாம் முடியும், ஒரு பையனிடம் நடனத்துக்கு வருகிறாயா என்று கேட்க மட்டும் நாக்கு எழாது. முதலில் ஒளிபரப்பான அத்தியாயத்தின் கதையே அதுதான். ரானுக்கு எதுவும் முடியாது, ஆனால் வெட்கம் என்ற அந்த மகரந்தம் அவன்மேல் பட்டிருந்தால் ஒரு விரல்கூட மறைந்திருக்காது. லிஃப்டில் பிறந்த அந்த இரண்டு வரிக்கு இப்படி ஒரு மறுபக்கம் இருப்பதை எழுத எழுதத்தான் அவர்கள் கண்டுபிடித்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. எதிலும் வெல்கிறவளுக்குத் தோல்வி பழக்கமில்லை. அதனால்தான் சின்ன சறுக்கல்கூட அவளைத் தின்கிறது.

ரகசியம் இல்லாததால் வில்லன்களும் மாறிப்போகிறார்கள். அவர்களுக்குக் கிம்மின் பெயர் தெரியும், ஊர் தெரியும், பள்ளிக்கூடம் தெரியும். முகமூடியைக் கிழிப்பது, அடையாளத்தை அம்பலப்படுத்துவது என்ற பழைய மிரட்டலுக்கு இடமே இல்லை. அதனால் பகை ஊர்ப்பகை மாதிரி ஆகிவிடுகிறது. ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரிந்தவர்கள் சலிக்காமல் மோதிக்கொள்கிறார்கள்.

சென்யோர் சீனியர் சீனியர் என்ற பணக்காரக் கிழவர் பொழுதுபோகாமல் வில்லனானவர். அவருடைய தீவைப் பார்த்த ரான், இது வில்லன் குகை மாதிரியே இருக்கிறதே என்று வாயை வைத்தான். கிழவர் அதைப் பிடித்துக்கொண்டார். எதிரியைக் கட்டிப்போட்டால் மெல்ல நகரும் பொறியில்தான் வைக்க வேண்டும், பக்கத்தில் நின்று பார்க்கக்கூடாது என்று வில்லத்தனத்துக்கும் ஆசாரம் பார்ப்பவர். அவருக்கு முதலில் குரல் கொடுத்தவர் பழைய ஹாலிவுட் நடிகர் ரிக்கார்டோ மொண்டல்பான். மகனுக்கோ பாப் பாடகனாக வேண்டும் என்பதுதான் கனவு. அடியாட்கள் வேண்டுமென்றால் அதற்கென்று ‘ஹெஞ்ச்கோ’ என்ற நிறுவனம் இருக்கிறது, ஆளும் கருவியும் வாடகைக்கு அனுப்பும். டிராக்கனின் வலதுகை ஷீகோ முன்னாள் சூப்பர் ஹீரோ, சகோதரர்களோடு சேர்ந்து ஊரைக் காத்தவள். இப்போது முதலாளியின் முட்டாள்தனத்தைச் சகித்துக்கொண்டு, நகத்தை ராவிக்கொண்டு, சண்டை வந்தால் மட்டும் எழுந்து வருகிற சம்பளக்காரி. அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெரியவர்கள் இந்தத் தொடரைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்ததற்கு ஷீகோவின் முகபாவம் முக்கியக் காரணம் என்பேன். நிகோல் சல்லிவனின் குரலில் அந்த அலுப்பு அப்படியே இருக்கும். பாத்திரங்களின் கூர்மையான கோணங்களை வரைந்து வடிவமைத்தவர் ஸ்டீஃபன் சில்வர்.

ரகசியம் வைத்திருக்கிற ஆள் ஒருவன் தொடரில் உண்டு, அது டிராக்கன். அவனுடைய இயற்பெயர் ட்ரூ லிப்ஸ்கி. பிள்ளை ஊருக்கு நல்லது சொல்லும் வானொலி டாக்டர் என்று அவன் அம்மா நம்பிக்கொண்டிருக்கிறாள். அம்மா வரும் நாளில் உலகை ஆளும் குகையை வானொலி நிலையமாக மாற்ற அவன் படும் பாடு இருக்கிறதே! இரட்டை வாழ்க்கை, பொய், மாறுவேடம் என்று நாயகியிடமிருந்து எடுத்த சாமான்களை எல்லாம் வில்லன் வீட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள்.

அவன் வில்லனான கதையும் இங்கேதான் வருகிறது. டிராக்கனும் கிம்மின் அப்பாவும் கல்லூரித் தோழர்கள். நடன விருந்துக்குப் பெண் துணை கிடைக்காத நண்பர்களுக்காக அவன் ரோபோ பெண்களைச் செய்து காட்டினான். கிம்மின் அப்பா, சென், ரமேஷ் (ஆமாம், ரமேஷ்தான்) என்ற அந்தக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்போடு படிப்பை விட்டு வெளியேறியவன்தான் பிறகு நீலத்தோலோடு உலகத்தை அடக்கப் பார்க்கிறான். நாயகியை வாட்டுவதும் வில்லனை உருவாக்கியதும் ஒரே பொருள். அதைத் தெரிந்தவன் என்பதால்தான் வெட்கத்தைத் தூண்டும் மகரந்தம் அவனுக்குத் தோன்றியது போலும்.

2005 ஏப்ரல் 8 அன்று ஒளிபரப்பான ‘சோ த டிராமா’ என்ற தொலைக்காட்சிப் படம் இந்தக் கணக்கையெல்லாம் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தது. டிராக்கன் முதன்முறையாக வீட்டுப்பாடம் செய்கிறான். பதின்வயதுப் பெண்களுக்கு எது பயம், எது ஆசை என்று ஆராய்ந்து, எரிக் என்ற அழகான செயற்கைப் பையனை உருவாக்கிக் கிம்மின் பள்ளியில் விடுகிறான். துரித உணவுக் கடையை வளைத்துப்போட்டு, சாப்பாட்டோடு இலவசமாகக் கொடுக்கும் பொம்மைகளை உலகமெங்கும் பரப்புகிறான், அவை ஒரே இரவில் ராட்சத ரோபோக்களாகின்றன. பள்ளி நடன விருந்துக்குக் கூட யார் வருவார் என்ற கவலையில் கிம் எதையும் கவனிக்காமல் இருந்துவிடுகிறாள். தொடர் முழுக்க அவன் போட்ட திட்டங்களில் வெற்றிக்கு மிக அருகில் போனது இதுதான். முடிவில் கிம்மும் ரானும் நடன அரங்கில் எல்லோரும் பார்க்க முத்தமிட்டுக்கொள்கிறார்கள்.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். டிஸ்னி சேனலில் அன்று ஒரு தொடருக்கு 65 அத்தியாயம் என்பது வழக்கமான எல்லை. வாரம் ஐந்து நாள் மறுஒளிபரப்பு செய்தால் பதின்மூன்று வாரம், அதாவது ஒரு காலாண்டு, ஓட்டலாம் என்ற கணக்கில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வேரூன்றிய எண் அது. ஜேம்ஸ் பாண்ட் ஜூனியர் 65இல் நின்றதும் தற்செயல் இல்லை. ஆனால் ரசிகர்கள் விடவில்லை, கடிதமும் மனுவுமாகக் கேட்டார்கள். 2007 பிப்ரவரியில் நான்காம் பருவம் வந்தது, மேலும் 22 அத்தியாயங்களோடு. அதில் கிம்மின் உடை மாறியிருக்கும், பழைய கறுப்பு மேலாடையும் பச்சைக் காற்சட்டையும் போய்விட்டன. அதற்கும் கதைக்குள் ஒரு காரணம் வைத்தார்கள்: துணிக்கடை அந்த ரகத்தை நிறுத்திவிட்டது! சீருடை தைத்துக் கொடுக்க அமைப்பில்லாத உளவாளிக்கு வரக்கூடிய நியாயமான தொல்லை.

2019இல் மனிதர்கள் நடித்த தொலைக்காட்சிப் படம் ஒன்றும் வந்தது. கோட்டோவியத்தில் மிதந்த துடுக்குத்தனம் சதையிலும் எலும்பிலும் கனத்துவிட்டது என்பதைத் தவிர அதைப்பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை.

டிஸ்னி ரகசியத்தைத் திரும்பக் கொண்டுவந்ததும் அதே 2007இல்தான். கிம் முடிவதற்கு மூன்று வாரம் முன்பு, ஆகஸ்ட் 17 அன்று, ‘ஃபினியஸ் அண்ட் ஃபெர்ப்’ முன்னோட்டமாக ஒளிபரப்பானது. அதில் பெரி என்ற பிளாட்டிபஸ், வீட்டில் அசமந்தமான வளர்ப்புப் பிராணி, வெளியே ரகசிய உளவாளி. மாறுவேடம் ஒரே ஒரு தொப்பி. தொப்பியைக் கழற்றினால் பரம எதிரிக்கே அடையாளம் தெரியாது. கிம் கழற்றி எறிந்த ரகசியத்தை இனி கேலியாக மட்டும்தான் மாட்டிக்கொள்ள முடியும் என்பது போல. எப்காட் பூங்காவில் 2012இல் கிம்மின் விளையாட்டை எடுத்துவிட்டு வைத்ததும் இந்தப் பெரியின் விளையாட்டைத்தான்.

2007 செப்டம்பர் 7 அன்று வந்த இறுதி அத்தியாயத்தின் பெயர் ‘பட்டமளிப்பு’. பள்ளி முடிகிறது, ரானுக்கு எதிர்காலத்தை நினைத்துக் கலக்கம், விழா நடக்கும்போதே வேற்றுக்கிரகப் படையெடுப்பு. இந்த முறை பூமியைக் காப்பாற்றுவதில் டிராக்கனும் சேர்ந்துகொள்கிறான். அவன் வளர்த்த ராட்சதக் கொடிகள் எதிரியின் இயந்திரங்களைப் பின்னி முறுக்குகின்றன. அதன் பலனாக ஐக்கிய நாடுகள் சபை மேடையில் அவனுக்குப் பதக்கம் அணிவிக்கிறார்கள். தோழர்கள் சிரித்ததால் கல்லூரியைவிட்டு ஓடியவனுக்கு உலகமே கை தட்டுகிறது. அந்த நேரம் பார்த்து அவன் கழுத்தில் முளைத்திருந்த கொடி தானாக நீண்டு, பக்கத்தில் நிற்கும் ஷீகோவையும் அவனையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிடுகிறது.